நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அவற்றின் அடியில் இருக்கும் சந்தைப் பொருளியலும்

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் இவற்றை 2019இலும் 2020இலுமே நிறைவேற்றிவிட்டது. அதன்பின் ஐந்தாண்டுகள் அவை ஏட்டளவில் கிடந்தன. அறிவிப்பு வந்த ஐந்தாம் நாள் பெரும்பாலான மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடு முழுவதும் எதிர்ப்புத் தெரிவித்தன. பாரதிய மஸ்தூர் சங்கம் (பி.எம்.எஸ்.) என்ற மத்தியத் தொழிற்சங்கம் வரவேற்றது, தொழில்துறைக் கூட்டமைப்புகளும் வரவேற்றன. நியமனக் கடிதம் கட்டாயம், ஓராண்டிலேயே கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை என்று ஒரு தரப்பு பட்டியலிட, நினைத்தபோது வீட்டுக்கு அனுப்பலாம், வேலைநிறுத்த உரிமை போய்விட்டது என்று மறுதரப்பு பட்டியலிடுகிறது. இரு தரப்பும் சுட்டிக்காட்டும் பிரிவுகள் சட்டத்தில் இருக்கவே செய்கின்றன. ஒரே சட்டத்தை இப்படி இருவகையாகப் படிக்க முடிவது ஏன் என்பது விளங்க வேண்டுமானால், பிரிவுகளுக்குள் நுழையும் முன் அவற்றின் அடியில் இருக்கும் பொருளியல் வாதத்தைப் பார்த்தாக வேண்டும்.

எவை எதற்குள் அடங்கின

மொத்தம் 29 மத்தியச் சட்டங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன.

1. ஊதியத் தொகுப்பு (2019): 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், போனஸ் சட்டம், சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கும் இதில் அடங்கும்.
2. தொழில் உறவுகள் தொகுப்பு (2020): 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தில் வந்தது.
3. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு (2020): பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி, மகப்பேறு உள்ளிட்ட ஒன்பது சட்டங்கள்.
4. பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், வேலைச்சூழல் தொகுப்பு (2020): தொழிற்சாலைகள் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் உள்ளிட்ட பதின்மூன்று.

சர்ச்சையின் மையம் இரண்டாவது தொகுப்பு. யாரை, எந்த நிபந்தனையில் வேலைக்கு எடுக்கலாம், எப்படி நிறுத்தலாம், தொழிலாளி எப்படி எதிர்த்து நிற்கலாம் என்பவற்றை அதுவே தீர்மானிக்கிறது. எனவே இக்கட்டுரையும் பெரும்பாலும் அதையே பின்தொடர்கிறது.

சுதந்திரச் சந்தை வாதம் சொல்வது என்ன

சுதந்திரச் சந்தைப் பொருளியலின் பார்வையில் உழைப்பும் விலைக்கு வாங்கி விற்கப்படும் ஒரு சரக்கு. கூலி அதன் விலை. இன்னும் ஓர் ஆளைச் சேர்த்தால் கிடைக்கும் கூடுதல் உற்பத்தியின் மதிப்பு அந்த ஆளுக்குத் தர வேண்டிய கூலியைவிட அதிகமாக இருக்கும்வரை முதலாளி ஆள் எடுத்துக்கொண்டே போவார். இரண்டும் சமமாகும் இடத்தில் நின்றுவிடுவார். இந்தக் கூடுதல் உற்பத்தியை இறுதிநிலை உற்பத்தி என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. யாரும் குறுக்கிடாவிட்டால் வேலை தேடுபவர் அனைவருக்கும் ஏதோ ஒரு கூலியில் வேலை கிடைத்துவிடும் என்பது இதன் முடிவு. இதிலிருந்து மூன்று கிளை முடிவுகள் பிறக்கின்றன.

1. சந்தைக் கூலிக்கு மேலாகக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்தால், அந்த அளவுக்கு உற்பத்தித் திறன் இல்லாதவர்கள் வேலை இழப்பார்கள்.
2. வேலையை விட்டு நிறுத்துவதைக் கடினமாக்கினால், முதலாளி வேலைக்கு எடுக்கவே தயங்குவார்; ஆளுக்குப் பதில் எந்திரம் வாங்குவார், அல்லது சட்டம் தொடாத அளவுக்குத் தொழிற்சாலையைச் சிறிதாகவே வைத்துக்கொள்வார்.
3. சங்கங்கள் உள்ளே இருப்பவர்களின் கூலியை உயர்த்துகின்றன. அதற்கான விலையை வெளியே காத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது முடிவுக்கு இந்தியாவில் கனம் அதிகம். உழைப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் முறைசாரா வேலையில் இருக்கும் நாட்டில், மீதி ஒருவருக்கான பாதுகாப்பு மற்றவர்களின் வாய்ப்பை அடைக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. சங்கத் தரப்பு எழுத்துகளில் இதற்கு நேரான பதில் அரிதாகவே தென்படுகிறது.

இந்தப் படம் பிசகும் இடங்கள்

படம் தர்க்கப் பிழை இல்லாதது. ஆனால் அது நிற்பதற்குச் சில அனுமானங்கள் வேண்டும். உண்மையான தொழிலாளர் சந்தையில் அவை கிடைப்பதில்லை.

1. உழைப்பை இருப்பு வைக்க முடியாது. விலை படியாத வெங்காயத்தைக் கிடங்கில் போட்டு அடுத்த மாதம் விற்கலாம். இன்று விற்காத எட்டு மணி நேர உழைப்பு இன்றோடு போயிற்று. எனவே பேரத்தில் காத்திருக்கும் திறன் இரு தரப்புக்கும் ஒன்றல்ல. முதலாளிகள் தமக்குள் எளிதில் ஒன்றுகூடிக் கூலியை உயரவிடாமல் வைத்துக்கொள்ள முடியும் என்பதையும், தகராறு நீடித்தால் யார் அதிக நாள் தாக்குப்பிடிப்பார் என்பதையும் சந்தைப் பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்தே 1776இல் எழுதியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2. வாங்குபவர்கள் சிலரே. ஓர் ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவரோ இருவரோ என்றால் கூலியைத் தீர்மானிப்பவர் அவர்தான். இந்த நிலைமைக்கு ஜோன் ராபின்சன் 1933இல் பொருளியலில் தனிப் பெயரே கொடுத்தார். தமிழில் இதை ஒற்றை வாங்குநர் ஆதிக்கம் எனலாம். அங்கே கூலி ஏற்கெனவே இறுதிநிலை உற்பத்திக்குக் கீழே அழுத்தப்பட்டிருப்பதால், குறைந்தபட்ச ஊதியத்தை ஓரளவு உயர்த்தினாலும் வேலை குறையாது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அம்மாநிலத்திலும் பக்கத்து பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. இத்தகைய ஆய்வுகளுக்காக கார்டுக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது.

3. வேலை போனால் என்ன கதி என்பதே பேரத்தின் அடித்தளம். இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் இருக்கும் சிறிய ஏற்பாட்டைத் தவிர்த்தால், வேலையிழந்தவருக்கான பொதுவான உதவித்தொகை இந்தியாவில் இல்லை. வேலை போன மறுமாதமே வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கடன் வாங்க வேண்டியவர், கொடுக்கும் கூலிக்கு ஒப்புக்கொள்வதைச் சுதந்திரமான தேர்வு என்று எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதே இங்கு எழும் கேள்வி.

ஒப்பந்தச் சுதந்திரம்: சென்னையில் நடந்த ஒரு வழக்கு

சட்டம் விலகி நின்றால் சந்தை சுதந்திரமாக இயங்கும் என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கச் சென்னையிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. முன்னணியில் நின்றார். 1920இல் ஆலையில் தகராறு முற்றியபோது, ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்றது. தொழிலாளிக்கும் ஆலைக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது, அதை மீறுமாறு தூண்டுவது சட்டவிரோதம் என்பது அதன் வாதம். சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணையும் கிடைத்தது.

அப்போது தொழிற்சங்கச் சட்டம் என்று ஒன்று கிடையாது. குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் கிடையாது. பாடநூல் கேட்கும் குறுக்கீடற்ற சந்தைக்கு அது மிக நெருக்கமான நிலை. ஆனாலும் சட்டம் அங்கே முழு வீச்சோடு வந்து நின்றது, ஒரு தரப்பின் ஒப்பந்தத்தைக் காக்க. இந்த வழக்கு ஏற்படுத்திய அதிர்ச்சியில்தான் 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இப்போது தொழில் உறவுகள் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது அந்தச் சட்டமே. ஆக, தொழிலாளர் சந்தையில் சட்டம் இருக்கும் நிலை, இல்லாத நிலை என்று இரண்டு கிடையாது. பேரத்தில் யாருடைய கையைச் சட்டம் தாங்கிப் பிடிக்கிறது என்பது மட்டுமே காலத்துக்குக் காலம் மாறுகிறது.

300 என்ற எண்: பேச்சு அதிகம், விளைவு குறைவு

தொலைக்காட்சி விவாதங்களில் அதிகம் அடிபடுவது 300 என்ற எண். ஆட்குறைப்பு செய்யவோ ஆலையை மூடவோ அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி, இதுவரை 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளுக்கு இருந்தது. இனி 300 பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளுக்கே பொருந்தும். இந்த வரம்பை அரசு அறிவிக்கை மூலமே மேலும் உயர்த்தலாம் என்ற பிரிவும் இருக்கிறது. உண்மையில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். 300 புதிய எண் அன்று. 1976இல் நெருக்கடி நிலையின்போது இந்த விதி முதன்முதலில் வந்தபோதே வரம்பு 300தான். 1982ஆம் ஆண்டுத் திருத்தமே அதை 100 ஆக்கியது.

இந்த விதி தொழில் வளர்ச்சியைத் தடுத்தது என்பதற்குத் திரும்பத் திரும்பக் காட்டப்படும் ஆதாரம், டிமத்தி பெஸ்லியும் ராபின் பர்கெஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. 1958 முதல் 1992 வரை ஒவ்வொரு மாநிலமும் தொழில் தகராறுகள் சட்டத்துக்குச் செய்த திருத்தங்களைத் தொழிலாளர் பக்கம், முதலாளி பக்கம் என்று பிரித்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்த மாநிலங்களில் பதிவுபெற்ற தொழில்துறை பின்தங்கியது என்று அது முடிவுகட்டியது. 2006இல் அதித்ய பட்டாச்சார்ஜியா அந்தப் பிரிப்பையே கேள்விக்கு உட்படுத்தினார். குஜராத் தொழிலாளர் பக்க மாநிலமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. காரணம், கூட்டு நிர்வாகக் குழுவுக்குப் பிரதிநிதியை நியமிக்காத முதலாளிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கும் 1973ஆம் ஆண்டின் ஒரே ஒரு திருத்தம். கேரளமோ தமிழ்நாட்டோடு சேர்ந்து முதலாளி பக்க மாநிலமாக நின்றது. கேரளத்தில் தொழில் தொடங்க முயன்ற எவரிடமாவது இதைச் சொல்லிப் பார்த்தால் அவர் முகம் போகும் போக்கைக் காணலாம்.

அனுமதி விதி நடைமுறையில் எவ்வளவு தடுத்தது என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை போதும். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த அந்த ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அதற்குச் சில மாதங்கள் முன்பே தொழிலாளர்களில் பெரும்பாலோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். தானாக ஓய்வு பெறுவது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. எனவே விதி அங்கே பேச இடமே இல்லை.

விதியைச் சுற்றிப்போக இதைவிடப் பெரிய வழி, ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கும் காண்ட்ராக்ட் முறை. 2001இல் பொதுத்துறை எஃகு நிறுவனமான செயில் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வேலையில் ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டாலும் அங்கிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் தானாகவே நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. பதிவுபெற்ற ஆலைத் தொழிலாளர்களில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்தார்கள். அண்மைய தொழில் கணக்கெடுப்புகளில் ஐந்தில் இருவர். ஒரே வரிசையில், ஒரே எந்திரத்தில், வேறு வேறு நிறத்துச் சீருடையில் நிற்பவர்களின் சம்பளம் பாதிக்குப் பாதி வேறுபடுவதை ஒரகடத்திலோ ஓசூரிலோ யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. ஆலைகளின் நிகர மதிப்புக் கூட்டலில், அதாவது மூலப்பொருள், தேய்மானம் போன்ற செலவுகள் போக உற்பத்தியில் சேரும் மதிப்பில், தொழிலாளர் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் 30 சதவீதத்தை ஒட்டியிருந்தது. 2000களின் இறுதிக்குள் 10-12 சதவீத அளவுக்கு இறங்கியது. எந்திரமயமாக்கலுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்பதால் பழி முழுவதையும் காண்ட்ராக்ட் முறையின் மேல் போடுவது சரியாகாது. ஆனால் தொழிலாளர் சட்டம் இறுகிக் கிடந்ததால் முதலாளிகள் கட்டுண்டு கிடந்தார்கள் என்ற சித்திரத்தோடு இந்த எண்கள் ஒத்துப்போகவில்லை.

காலவரை வேலை: மாற்றத்தின் நெஞ்சு

புதிய தொகுப்பின் நெடுங்கால விளைவு 300 என்ற எண்ணில் இல்லை, காலவரை வேலை என்ற பிரிவில் இருக்கிறது. இதன்படி நிறுவனம் ஒருவரை இடைத்தரகர் இன்றி நேரடியாக, எழுத்து மூலமான ஒப்பந்தத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நியமிக்கலாம். ஊதியம், வேலை நேரம், படிகள் எல்லாம் அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு நிகராக இருக்க வேண்டும். ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு.

ஓர் எடுத்துக்காட்டில் கணக்கிடுவோம். எந்திரம் இயக்கும் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 8,000, மற்றவை வாடகைப்படி, பயணப்படி என்று பிரிக்கப்பட்ட 12,000. பல ஆலைகளின் சம்பளச் சீட்டு இப்படித்தான் இருக்கும், பி.எஃப்., கிராஜுவிட்டிச் செலவைக் குறைக்க முதலாளிகள் கண்ட வழி இது. புதிய வரையறைப்படி படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தில் சேரும். எனவே இவருடைய ஊதியம் 10,000. பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம் என்றால் 960 ரூபாயிலிருந்து 1,200 ஆகிறது. கையில் வருவது 240 ரூபாய் குறையும், ஆனால் முதலாளி செலுத்தும் பங்கும் அதே அளவு கூடும். இவர் காலவரை ஒப்பந்தத்தில் மூன்றாண்டு வேலை செய்து வெளியேறினால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் 17,308 ரூபாய் கிராஜுவிட்டி கிடைக்கும். பழைய சட்டத்தில் ஐந்தாண்டு முடிக்காததால் இவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. காண்ட்ராக்டரிடம் இருப்பவரோடு ஒப்பிட்டால் இது தெளிவான முன்னேற்றம். அரசுத் தரப்பு சொல்வதில் இந்தப் பகுதி சரியே.

இனி நிரந்தரத் தொழிலாளியோடு ஒப்பிட வேண்டும். அவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், பணியாற்றிய ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம், வேலையிழந்தவர் புதிய திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளம் ஆகியவை தர வேண்டும். கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்ற வரிசையும் உண்டு. காலவரை ஒப்பந்தம் முடிந்து போவதை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்தே தொகுப்பு விலக்கிவிட்டது. பணக் கணக்கில் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இல்லை. வேறுபாடு காரணம் சொல்லும் கடமையில் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியை அனுப்ப முதலாளி ஒரு காரணத்தோடு வர வேண்டும். காலவரைத் தொழிலாளியை அனுப்ப நாட்காட்டி போதும். அடுத்த ஒப்பந்தத்தை எதிர்பார்த்து நிற்பவர் சங்க உறுப்பினர் சந்தா கட்டுவாரா, ஓ.டி. வேண்டாம் என்பாரா, எந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பு கழன்றிருப்பதைப் பற்றிப் புகார் எழுதுவாரா என்று கேட்டுப் பார்த்தால், இந்தப் பிரிவின் விளைவு எதுவரை செல்லும் என்பது தெரியும்.

பிற நாடுகளும் காலவரை வேலையை அனுமதிக்கின்றன, ஆனால் எல்லையோடு. ஜெர்மனியில் தனிக் காரணம் காட்டாத காலவரை வேலை பொதுவாக இரண்டாண்டுக்கு மேல் நீள முடியாது. அதற்குள் மூன்று முறை மட்டுமே புதுப்பிக்கலாம். சீனத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ந்து இரண்டு காலவரை ஒப்பந்தங்களுக்குப் பிறகு நிரந்தர ஒப்பந்தம் கேட்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. இந்தியத் தொகுப்பில் எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கோ, எந்த வகை வேலைக்கு மட்டும் என்பதற்கோ உச்சவரம்பு இல்லை. தமிழ்நாட்டில் இரண்டாண்டுகளில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இருக்கிறது. நீக்கப்பட்ட 29இல் அது இல்லை. காலவரைப் பிரிவோடு அது மோதும் நாளில் எது நிற்கும் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலைநிறுத்தமும் சங்கமும்

முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். குறைந்தது 14 நாள். சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள்வரையும் வேலைநிறுத்தம் கூடாது. ஊழியர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. முறையாக நோட்டீஸ் கொடுத்தாலே சமரசம் தொடங்கிவிடக்கூடும் என்பதால், சட்டப்படி வேலைநிறுத்தம் செய்யக்கூடிய நாள் என்று ஒன்று வருமா என்று சங்கங்கள் கேட்பதில் பொருள் இருக்கிறது.

இன்னொரு பக்கம், பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற அங்கீகாரம் முதன்முறையாக மத்தியச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கத்துடன் நிர்வாகம் பேசியாக வேண்டும். அப்படி ஒன்று இல்லையேல் 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் கொண்ட குழுவுடன் பேச வேண்டும். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கை சங்கப் பதிவும் அங்கீகாரமும்தான் என்பதை நினைத்தால், இது சிறிய சேர்க்கை அன்று. ஆனால் ஆதரவு கணக்கிடப்படுவது ஆலையின் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களை வைத்து. காண்ட்ராக்டரின் பதிவேட்டில் இருப்பவருக்கு அதில் இடமில்லை.

மாநிலங்களுக்கிடையே ஏலம்

தொழிலாளர் நலன், ஒன்றியமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால் விதிகளை வகுப்பதிலும் விலக்குகள் அளிப்பதிலும் மாநிலங்களுக்கு இடமுண்டு. முதலீட்டாளர் ஒரே நேரத்தில் மூன்று மாநிலங்களோடு பேசும்போது மாநிலங்களே விற்பவர்களாகின்றன. முன்னர் பார்த்த சில வாங்குநர்களின் ஆதிக்கம் இங்கே அரசுகள்மேல் செயல்படுகிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. இரண்டு மாதங்களில், ஏப்ரல் 21 அன்று, தமிழ்நாடு சட்டமன்றமும் அதே திசையில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்ததால் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். 1923இல் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டத்தைச் சிங்காரவேலர் நடத்திய ஊர் இதுவே என்பதும் அந்த வாரம் பலமுறை நினைவூட்டப்பட்டது.

இந்த ஏலம் கீழ்நோக்கிப் போகாமல் தடுக்கக்கூடிய ஒரே தேசிய ஏற்பாடாகத் தொகுப்புகளில் இருப்பது தளமட்ட ஊதியம். எந்த மாநிலமும் இதற்குக் கீழே குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கக் கூடாது என்கிறது ஊதியத் தொகுப்பு. இதற்கு முன் இருந்த தேசியத் தளமட்டத்துக்குச் சட்ட வலு கிடையாது; 2017இல் அது நாளொன்றுக்கு 176 ரூபாய், 2019இல் இரண்டு ரூபாய் கூட்டப்பட்டு 178 ஆனது. அதே 2019இல் அனூப் சத்பதி தலைமையில் அரசே அமைத்த நிபுணர் குழு, உணவுத் தேவையையும் பிற செலவுகளையும் கணக்கிட்டு 375 ரூபாயைப் பரிந்துரைத்திருந்தது. சட்ட வலுவுள்ள தளமட்டம் 178க்கு அருகில் வைக்கப்பட்டால், பெரும்பாலான மாநிலங்களின் குறைந்தபட்ச ஊதியம் ஏற்கெனவே அதற்கு மேல் இருப்பதால் அது எவரையும் தொடாது. 375ஐ இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி வைத்தால், மலிவுக் கூலியைக் காட்டி முதலீடு அழைக்கும் மாநிலங்கள் முதலில் எதிர்க்கும்.